பன்றி குத்திய ஈரல்

நெல்லிக்குப்பம் சுற்றுவட்டத்தில் கரும்பு வெட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வெட்டிய கரும்பிலேயே மாடி வீடு கட்டி, டிராக்டர் வாங்கி, அந்த டிராக்டரின் நெற்றியில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவர் சடையப்பன் ஒருவர்தான். மூன்றாம் வகுப்புக்கு மேல் அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. அதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

"எனக்கு யாரும் உரம் போடல, தண்ணி கட்டல. தானா மொளச்சி தானா வளந்தவன்" என்பார். கேட்கிறவர்கள் ஆமாம் என்பார்கள். ஆமாம் என்று சொல்லாதவர்களுக்கு அவருடைய வெட்டு ஆட்கள் செட்டில் வேலை கிடைக்காது.

கூலிக்கு வெட்டியவர் மேஸ்திரியாகி, மேஸ்திரி நாலு செட்டுக்குத் தலைவராகி, சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தால் முதலில் அவர் வீட்டு வாசலுக்கு ஆள் வரும் என்ற நிலைக்கு வந்ததற்கெல்லாம் மூலதனம் ஒன்று இருந்தது. அது அவர் வயிற்றில் இருந்தது. வலப்பக்க விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் நீளத் தழும்பு. அதற்குச் சற்றுக் கீழே, காசு அகலத்தில் வட்டமாக இன்னொன்று. இரண்டும் காட்டுப்பன்றி போட்டது. நீளமானது முதல் பல் கிழித்த இடம். வட்டமானது இரண்டாவது பல் இறங்கிய இடம்.

கரும்புக் கொல்லையில் வெட்டு ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே போகும். வெட்ட வெட்ட, உள்ளே படுத்திருக்கும் பன்றி நடுவுக்கு நகர்ந்துகொண்டே வரும். கடைசிப் பாத்தி மிஞ்சும்போது பன்றி அதற்குள்தான் நிற்கும். அதனால் கடைசிப் பாத்திக்கென்று ஒரு முறை உண்டு. மூன்று பக்கம் நின்று தகரம் தட்டிக் கூச்சல் போடுவார்கள். நாலாவது பக்கத்தை ஆள் இல்லாமல் திறந்து விடுவார்கள். பன்றி தன் மானத்தோடு ஓடிப்போகும். அதற்குப் பிறகுதான் கத்தி இறங்கும். இளவயதுச் சடையப்பன் இந்த முறையை மதிக்காமல் தனியாக உள்ளே இறங்கினார், பன்றி பாய்ந்தது, அவர் அதன் காதைப் பிடித்தார், அது அவர் வயிற்றைப் பிடித்தது, கடைசியில் ஓடியது பன்றிதான். அன்றிலிருந்து அவர் பன்னியடி சடையப்பன். கல்யாணப் பத்திரிகைகளில்கூட அப்படித்தான் போடுவார்கள். பன்றியோடு மல்லுக்கட்டிய மேஸ்திரி என்றால் எந்த ஆளும் கடைசிப் பாத்திக்குள் அவர் பின்னால் இறங்குவான். தொழில் வளர்ந்தது அப்படித்தான்.

நடந்தது வேறு. அந்த வருஷம் அவருக்குப் பித்தப்பையில் கல். பாண்டிச்சேரியில் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். "மாத்திர எந்தக் கலர்ல இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆள், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வார்? வெளியூர் வெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆள் பாதியாக இருந்தார், வயிற்றில் கட்டோடு. டீக்கடையில் உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு, "என்னா சடையப்பா, பன்னி கின்னி குத்திடுச்சா?" என்று கேட்டார். சடையப்பன் பதில் சொல்லவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி விருத்தாம்பாள். வெளியே அவள் ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை. வீட்டுக்குள் வந்ததும் கேட்பாள்: "போன வருசம் அந்தப் பன்னி எம்பது கிலோ. இன்னிக்கி நூத்தியிருவதுன்னீங்க. ஓடிப்போன பன்னி எங்க போயித் தின்னுட்டு வருது?"

"நீ சும்மா இருடி. வளர்ற காலத்துல எல்லாந்தான் வளரும்."

அறுபது தாண்டியபிறகு ஒரு கோடையில் சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வலப்பக்கம் முதுகில் ஒரு கனம். கடலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, நல்ல கட்டி இல்லை என்றார்கள். சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஈரலுக்கென்றே டாக்டர் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். விருத்தாம்பாளும், அவள் தம்பி உத்திராபதியும் கூடப் போனார்கள். உத்திராபதிக்கு மாமாதான் தெய்வம். பன்றிக் கதையை மாமா மறந்துவிட்ட இடத்தில் எடுத்துக் கொடுக்கிற வேலையும் அவனுடையது.

டாக்டர் அனுப்பிரியா முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருப்பார். சடையப்பன் கதவருகிலேயே நின்று, "பெரிய டாக்டரு எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார்.

"வந்தாச்சு. ஒக்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். டாக்டர் அவர் பெயரைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார்.

"நெல்லிக்குப்பம் பன்னியடி சடையப்பன் நீங்கதானா?"

உத்திராபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "பாத்தியாக்கா! சிதம்பரம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு!"

"எனக்கு ஊரு குடிகாடு. எங்கப்பா காத்தவராயன், கம்பெனியில வாட்ச்மேன் ஆவறதுக்கு முன்னாடி உங்க செட்டுல ரெண்டு சீசன் வெட்டினாரு. சின்ன வயசுல எனக்குச் சோறு ஊட்டுனதே அந்தப் பன்னியச் சொல்லித்தான்."

"காத்தவராயனா! கத்தி புடிக்கவே நான்தானம்மா சொல்லிக் குடுத்தேன்!" என்றார் சடையப்பன். அவருக்குக் காத்தவராயனை நினைவில்லை. அது அவருக்கு ஒரு தடையாக இருந்ததில்லை.

சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். இதற்காகவே காத்திருந்தவர்போலத் தூக்கினார். டாக்டர் தழும்பைத் தொட்டுப் பார்க்கையில் கதை தொடங்கியது. கூச்சல், தகரம், பாய்ச்சல், காது, பல். இடையில் விட்டுப்போனதை உத்திராபதி சேர்த்தான். விருத்தாம்பாள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது உங்க ஈரல். இந்த எடத்துல, அடியில, பித்தப்பை தொங்கணும். காணோம்."

உத்திராபதி திரையை எட்டிப் பார்த்தான்.

"பன்னி பித்தப்பைய மட்டும் பாத்து எடுத்துக்கிட்டு, அடியில முடிச்சும் போட்டுட்டுப் போயிருக்கு ஐயா. நல்ல கைராசியான பன்னி."

சடையப்பன் இத்தனை வருஷம் கட்டிய மாடி வீடு அடியோடு ஆடியது. அப்போது உத்திராபதி தொடையில் பட்டென்று தட்டினான்.

"மாமா! பித்தப்பையயே கவ்விக்கினு போயிருக்கு பாரு! அதுகூடத் தெரியாம இத்தன வருசம் நடமாடிக்கிட்டு இருந்திருக்கியே! டாக்டரம்மா, வேற ஆளா இருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் இல்ல?"

டாக்டர் உத்திராபதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பை எங்கோ மென்று விழுங்கினார். "முடிஞ்சிருக்கும்" என்றார். சாயங்காலத்துக்குள் உத்திராபதியின் போன் வழியாகச் செய்தி நெல்லிக்குப்பத்துக்குப் போய்விட்டது. பன்றிக்குக் கூடுதலாக ஒரு பித்தப்பை கிடைத்தது.

பிறகு டாக்டர் கட்டியைக் காட்டினார். ஈரலின் வலப்பக்கம், கீழே, பின்னால் ஒதுங்கிய ஓரத்தில் இருந்தது.

"ஈரல் வெளியில பாத்தா ஒரே துண்டு மாதிரி இருக்கும். உள்ள எட்டுப் பாத்தி. ஒவ்வொரு பாத்திக்கும் ரத்தம் கொண்டாற வாய்க்கால் தனி. அது பாத்திக்கு நடுவுல போவும். ரத்தம் வடியற வடிகால் மட்டும் ரெண்டு பாத்திக்கும் நடுவுல, வரப்பு ஓரமா ஓடும். ரெண்டு பக்கத்துக்கும் பொது. உங்க கட்டி இருக்கறது ஆறாவது பாத்தி."

"இதத்தான் நான் நாப்பது வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார் சடையப்பன்.

"எத?" என்றாள் விருத்தாம்பாள்.

"வாய்க்கால் நடுவுல, வடிகால் ஓரத்துலன்னு."

"கொல்லைக்குச் சொன்னீங்க. ஈரலுக்குமா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறு யோசனை. "டாக்டரம்மா, ஈரல வெட்டினா திரும்ப வளந்துடுமாமே?"

"வளரும்."

"அப்ப அர மனசா வெட்டாதீங்க. கரும்புல தரையோட தரையா வெட்டுனாத்தான் அடிக்கட்டையில மறுதாம்பு மொளைச்சி நல்லா தூரு கட்டும். மேல மேல நறுக்குனா ஒண்ணும் வராது. பாதியாவே எடுத்துடுங்க. வயித்த நல்லாத் தெறந்து, பெரிய ஆபரேசனாப் பண்ணுங்க. பாக்கறவனுக்கு ஆபரேசன்னு தெரியணும் இல்ல?"

"மறுதாம்பு எத்தன வருசம் விடுவீங்க ஐயா?"

"ரெண்டு. மண்ணு நல்லாருந்தா மூணு."

"அதுக்கப்புறம்?"

"தூரு செத்துடும். கட்டைய ஏர் ஓட்டி எடுத்துட வேண்டியதுதான்."

"உங்க ஈரல் அந்தக் கட்டை. பிராந்தி ஊத்தி ஊத்தித் தழும்பேறிப் போயிருக்கு. அது வெட்டுன எடத்துல மொளைக்காது, மிச்சம் இருக்கறது கொஞ்சம் பெருக்கும், அவ்ளோதான். பாதி எடுத்தா மிச்சப் பாதியால உங்களத் தாங்க முடியாது. அதனால அந்த ஒரு பாத்திய மட்டும், வரப்பு புடிச்சி, பக்கத்து வடிகாலு மேல கத்தி படாம எடுக்கணும். வயித்துல சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, கேமரா உட்டு."

"ஓட்டையா?" சடையப்பனின் முகம் விழுந்தது. நாட்டில் பெரிய மனிதர்களுக்கெல்லாம் வயிற்றைக் கிழித்துத்தான் வைத்தியம் நடந்திருக்கிறது என்பது அவர் எண்ணம். ஓட்டை என்பது சைக்கிள் டியூபில் விழுவது.

"ஆனா அதுக்கு எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றார் டாக்டர். "ஆறாவது பாத்திக்குப் போற வாய்க்காலப் புடிச்சி மடை அடைக்கணும். அதுக்குப் போற வழி, பித்தப்பை இருந்த எடத்த ஒட்டித்தான். அந்தப் பன்னி அங்க எல்லாத்தையும் ஒட்ட வச்சிட்டுப் போயிருக்கும். நீளத் தழும்பப் பத்தி எனக்குக் கவல இல்ல. இந்த வட்டத் தழும்பு இருக்கே, ரெண்டாவது பல்லு. அது ஈரலுக்கு வெளியில நின்னுடுச்சா? இல்ல, பித்தநீர் போற கொழாய்க்குள்ளயே எறங்குச்சா? அந்தப் புண்ணு ரெண்டு மூணு நாள்ல மூடிக்கிச்சா, வாரக்கணக்கா மஞ்சளா ஒழுகிச்சா?"

"அதான் சொன்னேனே, குத்தன ஒடனே ஓடிடுச்சி."

"ஸ்கேன் இன்னிக்கி இருக்கறதத்தான் காட்டும். அன்னிக்கி நடந்தத நீங்கதான் சொல்லணும். கொழாய்க்குள்ள எறங்கியிருந்தா அது மெலிஞ்சி, தழும்புக்குள்ள பொதஞ்சி கெடக்கும். தெரியாம அந்த வழியா போனா கொழாயக் கிழிச்சிடுவேன். தெரியலன்னா ஓட்டை போட்டுப் பண்ண மாட்டேன். வயித்தத் தெறந்துதான் ஆவணும்."

"தெறங்க!" என்றார் சடையப்பன். கேட்டது கேட்டபடியே கிடைக்கிறதே என்ற சந்தோஷம்.

"தெறந்தா ரத்தம் ஜாஸ்தி போவும். இந்த ஈரல் அதத் தாங்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

விருத்தாம்பாள் முதல்முறையாக ஃபேனை விட்டுக் கண்ணை இறக்கினாள்.

டாக்டர் எழுந்தார். போகிறபோக்கில் சொல்வதுபோலச் சொன்னார்: "நாளைக்கிக் காலையில வார்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான் இங்க தனியாத்தான் இருப்பேன். உங்களுக்குன்னு இல்ல ஐயா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாருக்காவது இந்த மாதிரி நடந்திருந்தா, அதச் சொன்னாக்கூடப் போதும்."

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். உத்திராபதி டீ வாங்கப் போயிருந்தான்.

"சொல்லிடுங்க" என்றாள் விருத்தாம்பாள்.

"என்னத்த?"

"பாண்டிச்சேரியில வயித்துல மாட்டுன பாட்டிலத் தூக்கிக்கினு கக்கூசுக்கு நடந்தத. நான்தான் கூடப் புடிச்சிக்கினு வந்தேன்."

"அந்தப் பொண்ணு யாரு? காத்தவராயன் மவ. இன்னிக்கிச் சொன்னா நாளைக்கிக் குடிகாட்டுல சிரிப்பான், நாளன்னிக்கி நெல்லிக்குப்பத்துல சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு ஆளு வேணும். பன்னி வேணாம்."

சடையப்பன், அவர் குரலா என்று சந்தேகப்படும்படி மெதுவாகச் சொன்னார்: "பன்னி இல்லன்னா நான் என்னா ஆளுடி? வெட்டுக்கூலி சடையப்பன். அப்பிடி நூறு பேரு இருக்கான்."

"நாளைக்கி நீங்க சொல்லலன்னா நான் போயிச் சொல்லுவேன்."

"சொல்லிடுவியா?"

"இத்தன வருசம் அந்தப் பன்னிக்குத் தீனி போட்டு வளத்தவ நானு. எனக்கு இல்லாத உரிமையா?"

உத்திராபதி டீயோடு வந்தான். "டீக்கடக்காரரு கேக்கறாரு மாமா, அந்தப் பித்தப்பைய என்னா பண்ணிச்சாம் பன்னின்னு." சடையப்பன் டீயை வாங்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று பக்கமும் தகரச் சத்தம் கேட்டது அவருக்கு. முன்னால் டாக்டர், இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் ஊர். கடைசிப் பாத்திக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் பலருக்குச் சொல்லியிருக்கிறார். நிஜமாக நின்றது அன்றுதான்.

நாலாவது பக்கம் திறந்திருக்கிறது என்பது அவருக்குக் காலையில்தான் உறைத்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றார். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாருக்காவது" என்றாரே டாக்டர். காத்தவராயன் மகளுக்கு கடைசிப் பாத்தி முறை தெரியாமல் இருக்குமா?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகப் போனார். கதவைச் சாத்தினார்.

"டாக்டரம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு இருக்கான்."

"சொல்லுங்க ஐயா."

"நம்ம பக்கத்து ஆளுதான். பேரு வேணாம். கொஞ்சம் வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, ஆனா நல்ல வேலக்காரன். அவனுக்குப் பித்தப்பையில கல்லு. பாண்டிச்சேரியில எடுத்தாங்க."

"ஓ."

"எடுக்கும்போது ஒரு கல்லு நழுவிக் கொழாய்க்குள்ள போயிடுச்சாம். கொழாயத் தெறந்து எடுத்தாங்க. எடுத்துட்டு அதுக்குள்ள ரப்பர் டியூப் ஒண்ணு வச்சி, வயித்துல ஓட்டை போட்டு வெளிய உட்டு, ஒரு பாட்டில் மாட்டுனாங்க. மஞ்சத் தண்ணியா எறங்கும். அத வேட்டிக்குள்ள மறச்சிக்கினு நடப்பான் அந்த ஆளு. மூணு வாரம் இருந்துச்சி. புடுங்குன அன்னிக்கி ஊரக் கூட்டுற மாதிரி கத்துனான். நாந்தான் பாத்தேனே."

டாக்டர் குறித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவில்லை. "அதுக்கப்புறம் அந்த ஆளுக்குக் காய்ச்சல், மஞ்ச காமால ஏதாவது வந்துச்சா?"

"ஒரு தடவ கண்ணு மஞ்சளாச்சி. நாட்டு மருந்து குடிச்சான். யாருகிட்டயும் சொல்லல. கர்வம் புடிச்சவன்."

"பரவாயில்ல. இப்பச் சொல்லிட்டாரே."

"அவன் எங்க சொன்னான்? நான் இல்ல சொல்றேன்."

"ஆமா, நீங்கதான் சொன்னீங்க" என்றார் டாக்டர். பிறகு ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்து காட்டினார். அந்த ஆளுக்கு அங்கே எல்லாம் ஒட்டிக்கிடக்கும். ஆகவே அந்தப் பழைய வழியில் போகக் கூடாது. ஈரலின் வலப்பக்கத்தில் இயற்கையாகவே ஒரு பிளவு உண்டு. ஆறாவது பாத்தியின் வாய்க்கால் அந்தப் பிளவுக்குள்தான் இறங்குகிறது. குழாய்ப் பக்கம் போகாமல், நேராக அந்தப் பிளவைத் திறந்து வாய்க்காலைப் பிடித்துவிடலாம். "ஓட்டை போட்டே பண்ணிடலாம். அந்த ஆளுக்கு" என்றார்.

"அந்த ஆளுக்கு" என்றார் சடையப்பனும்.

வெளியே வந்தபோது விருத்தாம்பாள் கதவுக்கு எதிரே நின்றிருந்தாள். "சொல்லிட்டீங்களா?"

"நான் எதுக்குடி சொல்லணும்? ஒருத்தனப் பத்திச் சும்மா பேசிக்கினு இருந்தோம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்தபோது சடையப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். அதை அவர் ஒரு குறையாகவே நினைத்தார். தன் வாழ்க்கையின் பெரிய வெட்டு தன் மேற்பார்வை இல்லாமல் நடந்ததை அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். டாக்டர் தன் போனில் படத்தைப் போட்டுக் காட்டினார்.

வயிற்றுக்குள் காற்று ஏற்றிக் கூடாரம்போல உயர்த்தியிருந்தார்கள். முதலில் வெள்ளையாகச் சிலந்திக்கூடு மாதிரி எல்லாம் ஒட்டிக் கிடந்தது. "அந்த ஆளோட பழைய கதை" என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். அதைத் தொடாமல் கருவி வலப்பக்கம் போனது. ஈரலில் ஒரு பிளவு. அதைத் திறந்ததும் உள்ளே வெண்மையாக உறை போர்த்திய ஒரு காம்பு. அதுதான் வாய்க்கால். அதைச் சுற்றிக் கருவியை விட்டு, கிளிப் போட்டு இறுக்கினார்கள். மடை அடைபட்டது. பிறகு கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, கேமராவின் வெளிச்சத்தை மாற்றினார்கள்.

சடையப்பனின் ஈரல் பச்சையாக ஒளிர்ந்தது. நட்டு ஒரு மாசமான கொல்லைபோலப் பச்சைப் பசேலென்று. ஓரத்தில் ஒரே ஒரு பாத்தி மட்டும் கருப்பாகக் கிடந்தது, தண்ணீர் ஏறாத பாத்தி. பச்சைக்கும் கருப்புக்கும் நடுவில் கயிறு பிடித்ததுபோல ஒரு வரப்பு.

சடையப்பன் போனைக் கண்ணுக்கு அருகில் இழுத்துக்கொண்டார். கத்தி வரப்போடு இறங்கியது. உள்ளே போகப் போக நீலமாக ஒரு வடிகால் தெரிந்தது. அதை உரித்து ஒரு பக்கம் நிறுத்தி, இந்தப் பக்கத்திலிருந்து வந்து சேரும் சின்னக் கால்வாய்களை மட்டும் அடைத்து வெட்டினார்கள். ரத்தம் கசிந்தால் ஈரலுக்கு ரத்தம் வரும் தலைமதகைக் கொஞ்ச நேரம் மூடினார்கள், மறுபடி திறந்து விட்டார்கள். பக்கத்துப் பாத்தி பச்சை மாறவே இல்லை. முடிவில் ஆறாவது பாத்தியை ஒரு பைக்குள் போட்டு, தொப்புளுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு வழியாக எடுத்துவிட்டார்கள்.

"சர்வேயருகூட எனக்கு இப்பிடி வரப்பு காட்டனதில்ல" என்றார் சடையப்பன் கடைசியில். தன் வாயால் இன்னொருவர் வேலையைப் புகழ்ந்துவிட்டோம் என்பது உடனே உறுத்தியிருக்க வேண்டும். "காத்தவராயன் கத்தி புடிக்கிற மாதிரியே இருக்கு. அவனுக்கு நாந்தான சொல்லிக் குடுத்தது" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போது உத்திராபதி ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தான். அன்று டீக்கடையில் கேட்ட சாமிக்கண்ணுவும் அதில் இருந்தார். எல்லோரும் காயத்தைப் பார்க்க வந்தவர்கள். சடையப்பன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து சின்னப் பிளாஸ்திரி, தொப்புளுக்குக் கீழே இன்னொன்று. கூட்டத்தில் ஏமாற்றம் பரவியது.

"இவ்ளோதானா?" என்றார் சாமிக்கண்ணு. "ஈரல எடுத்தாங்கன்னு சொன்னான் உத்திராபதி. ஊசி போட்ட மாதிரி இல்ல இருக்கு."

சடையப்பனுக்குச் சுருக்கென்றது. உத்திராபதி மாமாவைக் காப்பாற்ற டாக்டரைப் பிடித்தான். "டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. உள்ள போயிப் பாத்தீங்களே. பன்னி குத்தன எடம் எப்பிடி இருந்துச்சி?"

சடையப்பனின் முகம் வெளுத்தது. விருத்தாம்பாள் ஃபேனைத் தேடினாள். அந்த வார்டில் ஏசி.

டாக்டர் அனுப்பிரியா சாமிக்கண்ணுவைப் பார்த்து, மிகப் பொறுமையாகச் சொன்னார்: "பித்தப்பை இருந்த எடமே ஒட்டிக்கெடக்கு. ரெண்டாவது குத்து பித்தநீர்க் கொழாய் வரைக்கும் எறங்கியிருக்கு. அத மீறி ஒரு ஆளு பொழச்சி இத்தன வருசம் கரும்பு வெட்டியிருக்காருன்னா, பெரிய விசயந்தான்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சாமிக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரையா, சடையப்பனையா, பன்றியையா என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் கட்டிலருகே குனிந்தார். "ஐயா, அந்த ஆளுகிட்ட ரெண்டு விசயம் சொல்லணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேனுக்கு வரணும். பிராந்திய இனிமே மோந்துகூடப் பாக்கக் கூடாது."

"அந்த ஆளு கேக்க மாட்டானே டாக்டரம்மா. அவனுக்குச் சாயங்காலமானா கொஞ்சம் வேணும்."

"கேக்கலன்னா, அந்தப் பன்னி யாருன்னு நான் எங்கப்பாகிட்டச் சொல்ல வேண்டியிருக்கும். அவரு மனசு ஒடஞ்சி போவும். அப்புறம் அவரு வாய நான் கட்ட முடியாது."

சடையப்பன் விட்டத்தைப் பார்த்தார். கும்பலை மிரட்டி வேலை வாங்கியவர், ஆலை அதிகாரியை மிரட்டி லாரி வாங்கியவர். தன்னை இவ்வளவு சுத்தமாக, ரத்தம் வராமல், ஒருவர் மிரட்டிப் பார்த்ததில்லை.

"சொல்லிப் பாக்கறேன்" என்றார்.

தை மாதம் உத்திராபதி மகள் கல்யாணம். பத்திரிகையில் பன்னியடி சடையப்பன் என்றே போட்டிருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பந்தல் ஓரத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். சடையப்பன் டாக்டரிடம் கேட்டு வாங்கிய படத்தைப் போட்டு, போனில் தன் பச்சை ஈரலைக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையாகச் சிலந்திக்கூடு வந்த இடத்தில் உத்திராபதி படத்தை நிறுத்தி, விரலை வைத்து, "இதான் பன்னி வாய் வச்ச எடம்" என்றான். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்தார்கள். பன்றி இப்போது நூற்றைம்பது கிலோவைத் தாண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு டம்ளரை நீட்டினார். "எடுத்துக்கங்க. பன்னியவே அடிச்சவரு, இது என்னா பண்ணிடும்?"

சடையப்பனின் கை பழக்கத்தில் பாதி நீண்டது. நீண்ட இடத்திலேயே நின்றது. அவர் டம்ளரைப் பார்த்தார், தன் செட்டு ஆட்களைப் பார்த்தார், கதை கேட்டு இன்னும் வாயை மூடாமல் நின்ற மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு மாமா?" உத்திராபதிக்கு ஆச்சரியம். மாமா ஒருவருக்குக் கட்டுப்பட்டு அவன் பார்த்ததில்லை.

சடையப்பன் போனை அணைத்துப் பையில் போட்டார். பந்தியில் பரிமாற வாழையிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன விருத்தாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேற யாருக்கு? பன்னிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.